நாலாம் இலக்க வெள்ளை

ஸ்ரான்லி வீதியில் எங்கட அச்சகத்துக்குக்
கிருபாலினி வந்தது ஒரு சனிக்கிழமை, கரண்ட் இல்லாத நேரம்.
பென்டிரைவைக் கைக்குள் பொத்திக்கொண்டு
முக்கால் மணித்தியாலம் வாங்கிலில் இருந்தா.
ஓவியங்களாம். பன்னிரண்டு. தபாலட்டையாய் வேணுமாம்,
ஒவ்வொன்றிலும் ஐந்நூறு.
மூன்றடிக்கு மூன்றடித் துணியை ஆருக்கு அனுப்பேலும்,
அட்டை எண்டால் முத்திரை ஒட்டினாப் போகும், என்றா.

கரண்ட் வந்தது.
முதலாவது படம் வெள்ளை.
இரண்டாவதும்.
பைல் திறபடவில்லை என்று நினைத்து
மூன்று தரம் மூடித் திறந்தேன்.
"திறந்துதான் இருக்கு," என்றா.

எங்களுக்குத் தெரிந்த வேலை வேறு.
முப்பத்தோராம் நாள் கல்வெட்டு,
கண்ணீர் அஞ்சலி, கலியாணக் காட்,
சாமத்தியவீட்டுக்கு மயில் போட்ட உறை.
வெற்றிடம் கண்டால் ஒரு பூவை வைத்து நிரப்புகிற கை
இந்தக் கை.

மெஷின்காரன் தபேந்திரன் கணக்கைச் சொன்னான்:
"அக்கா, வெள்ளைக்கு மை இல்லை.
நீலம் இருக்கு, சிவப்பு இருக்கு, மஞ்சள், கறுப்பு இருக்கு.
வெள்ளை எண்டா நாங்கள் அடிக்காமல் விடுறது.
அடிக்காமல் விடுறதுக்கு
என்னெண்டு காசு வாங்கிறது?"

அவ சிரிக்கவில்லை. திரையில் ஓரிடத்தைத் தொட்டா:
இங்கே தூரிகை திரும்பியிருக்கு,
இங்கே கீழ்ப்பூச்சு காயமுதல் மேற்பூச்சு,
இது மாரியில் செய்தது, காய ஒரு மாதம் எடுத்தது.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு தகடு எடுத்தோம்.
இரண்டு வீதம் மஞ்சள். ஒரு வீதம் நீலம்.
பூச்சின் மேடுகள் நிழல் விழுத்தும் இடத்தில்
கறுப்பில் ஒரு துமி.
மெஷின் நாள் முழுக்க அடித்தது,
அடிக்காத மாதிரியே தாள்கள் வந்து விழுந்தன.
ஒரு இலையான் ஒன்பதாம் படத்தில் வந்து இருந்தது;
படத்தில் அப்போதுதான் ஏதோ நடந்தது.
பின்னேரம் தபேந்திரன் ஒரு தாளைத் தூக்கி,
அடித்ததா அடிக்காததா என்று தெரியாமல்
மூக்கில் வைத்து மணந்தான்.
மை மணம். அடித்ததுதான்.

பின்பக்கம் சின்ன எழுத்தில்
தலைப்பு, அளவு, ஆண்டு. முத்திரைக்கு ஒரு கட்டம்.
அதில்தான் பிழைவிட்டோம்.
நாலின் முதுகில் ஏழு, ஏழின் முதுகில் நாலு.
வெட்டி, நூறு நூறாய் இறப்பர் பாண்ட் போட்ட பிறகு
கண்டுபிடித்தேன். சொல்லவில்லை.
ஆருக்குத் தெரியப்போகுது?

கிருபாலினி மேல் அட்டையை எடுத்தா.
முகப்பு, முதுகு, மறுபடி முகப்பு.
"இது நாலு இல்லை."
குரலில் கோபமில்லை.
பிள்ளையைப் பேர் மாறிக் கூப்பிட்டவருக்கு
தாய் திருத்திச் சொல்கிற மாதிரி.

அன்றிரவு பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்திருந்தேன்.
நாலில் புள்ளிகள் மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தன,
ஏழில் நீலப் பக்கம், ஒரு மயிரிழை.
கண்ணாடியை எடுத்த பிறகும்
அந்தச் சாய்வு போகவில்லை.
சுவரைப் பார்த்தேன். டியூப் லைட்டைப் பார்த்தேன்.
காலையில் தோய்த்துப் போட்ட சேட்டைப் பார்த்தேன்.
ஒன்றும் வெள்ளையில்லை.

எங்கட செலவில் திருப்பி அடித்துக் கொடுத்தோம்.
பிழைத்த ஆயிரமும் கடையில்தான் கிடக்கிறது.
பின்பக்கத்தில் நான் கடன்கணக்கு எழுதுகிறேன்;
தபேந்திரன் வடை வைத்துச் சாப்பிடுகிறான்.

போன கிழமை அராலியிலிருந்து ஒரு மனிசி வந்தா,
மகனுக்குக் கல்வெட்டு அடிக்க.
படம் இருக்கோ என்றேன். இல்லை என்றா.
வழக்கமாய் அந்த இடத்தில் குத்துவிளக்கு வைப்போம்.
கொம்பியூட்டரில் ஆறு விளக்கு இருக்கிறது, காட்டினேன்.
"விளக்கு வேண்டாம் தம்பி. வெள்ளையாய் விடுங்கோ."

முன்பென்றால் உடனே சரி என்றிருப்பேன்.
மேசையில் கிடந்த அட்டைகளில்
எண்ணெய் படாததாய்த் தேடி,
நாலையும் ஏழையும் அவவுக்கு முன்னால் வைத்து
எந்த வெள்ளை என்று கேட்டேன்.

அவ இரண்டையும் வாசலுக்கு,
வெளிச்சத்துக்குக் கொண்டுபோனா.